வேலைக்காரி வைத்த பரீட்சை

எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் அங்கே ஒருவர் இருப்பார்.

காப்பி கொடுத்தால், "சூடு இல்லை" என்பார். சூடாகக் கொடுத்தால், "நாக்கைச் சுட்டுவிட்டது" என்பார். உட்கார்ந்திருந்தால், "சோம்பேறி" என்பார். ஓடியாடி வேலை செய்தால், "எதற்கு இந்தப் பரபரப்பு?" என்பார்.

வீட்டில் இல்லாவிட்டால் அவர் பக்கத்து வீட்டில் இருப்பார். அங்கும் இல்லாவிட்டால் ஆபீசில் மேலதிகாரியாக உட்கார்ந்திருப்பார். பஸ்சில் சில்லறைக்காக எரிந்து விழுவார். ரேஷன் கடை வரிசையில் எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னே போவார்.

இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது?

சிலர் பதிலுக்குப் பதில் கொடுக்கிறார்கள். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை! கடைசியில் தொண்டை கட்டுகிறது. சண்டை மட்டும் தீருவதில்லை.

சிலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். வெளியே அமைதி. உள்ளே கொதிப்பு. ஆபீசில் அடக்கிய அந்தக் கொதிப்பு, மாலையில் வீட்டுக்கு வந்து பிள்ளையின் முதுகில் இறங்குகிறது.

இந்த இரண்டையும் விட்டு மூன்றாவது வழி ஒன்று உண்டு. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் கௌதம புத்தர் காட்டிய வழி அது. எரிச்சல் மூட்டும் மனிதரையே வாத்தியாராக வைத்துக்கொள்வதுதான் அந்த வழி!

அவரிடம் என்ன பாடம் படிப்பது? அதை விளக்கப் புத்தர் ஒரு கதை சொன்னார்.

நல்ல பெயர் எடுத்த எஜமானி

கோசல நாட்டின் தலைநகர் சிராவஸ்தி. இன்று உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. அந்த ஊரில் வேதேகிகை என்று ஓர் அம்மாள் இருந்தாள். வசதியான வீடு. ஊர் முழுவதும் அவளுக்கு நல்ல பெயர்.

"அந்த அம்மாளைப் போல சாந்தமானவளைப் பார்க்கவே முடியாது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள்" என்று எல்லோரும் புகழ்ந்தார்கள்.

அவள் வீட்டில் காளி என்று ஒரு வேலைக்காரி இருந்தாள். சுறுசுறுப்பானவள். விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவாள். சொல்லாமலே எல்லா வேலையையும் முடித்துவிடுவாள்.

ஒரு நாள் காளிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

'நம் எஜமானி அம்மாள் கோபப்பட்டு நாம் பார்த்ததே இல்லை. உண்மையிலேயே அவளுக்குக் கோபம் கிடையாதா? அல்லது நாம் ஒரு குறையும் வைக்காமல் வேலை செய்வதால், கோபம் வெளியே வர வேலை இல்லாமல் போய்விட்டதா?'

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு எழுந்தாள். எஜமானி ஏன் என்று கேட்டாள். காளி, "ஒன்றும் இல்லை, அம்மா" என்றாள். எஜமானியின் முகம் சுருங்கியது. புருவம் நெரிந்தது.

அடுத்த நாள் இன்னும் தாமதம். இந்தத் தடவை வசவு வந்தது.

மூன்றாம் நாள் அதைவிடத் தாமதம். அவ்வளவுதான்! சாந்த சொரூபியான அந்த அம்மாள் கதவின் தாழ்ப்பாளை உருவிக் காளியின் தலையில் அடித்துவிட்டாள். ரத்தம் வழிந்தது.

காளி அழுதுகொண்டு உள்ளே போய்ப் படுக்கவில்லை. வழியும் ரத்தத்தோடு தெருவுக்கு வந்தாள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுத் தலையைக் காட்டினாள். "சாந்தமான அம்மாள் செய்த வேலையைப் பாருங்கள்!" என்றாள்.

வேதேகிகை பல வருடங்களாகச் சேர்த்த நல்ல பெயர் மூன்றே நாளில் போய்விட்டது.

பாடம் யாருக்கு?

இந்தக் கதையைப் புத்தர் வேலைக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொல்லவில்லை. தம்முடைய பிட்சுகளுக்குச் சொன்னார். அவர்களில் பக்குணர் என்பவர், தமக்கு வேண்டியவர்களை யாராவது குறை சொன்னால் பொறுக்கமாட்டார். உடனே சண்டைக்குப் போய்விடுவார். அவரைக் கண்டித்த சமயத்தில் சொன்ன கதை இது.

எல்லாம் நன்றாக நடக்கும் வரையில் எல்லோரும் நல்லவர்களே. காதுக்கு இனிமையாகப் பேசும் வரையில் எல்லோருக்கும் பொறுமை உண்டு. பிடிக்காத சொல் ஒன்று வந்து விழும்போதுதான் உள்ளே இருப்பது என்ன என்று தெரியும். கதையின் கருத்து இதுதான்.

வேதேகிகையிடம் இருந்தது பொறுமையல்ல. அவளுக்கு வாய்த்தது நல்ல வேலைக்காரி. இரண்டும் வேறு வேறு என்று அவளுக்கே தெரியவில்லை. அதை அவளுக்குக் காட்டியவள் காளி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மூன்று நாட்களில் வேதேகிகையிடம் போய், "வீட்டில் யாரால் தொல்லை?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? "காளியால்தான்" என்று சொல்லியிருப்பாள். ஊரைக் கேட்டால்? ரத்தம் சொட்டும் தலையைப் பார்த்த ஊர், எஜமானியைத்தான் சொல்லும்.

தொல்லை தரும் மனிதர் என்று ஒருவரை நினைக்கும் நேரத்தில், அவரும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கலாம். இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் இன்னும் பெரியது. பொறுமையைப் பற்றி உபதேசம் செய்கிறவர்கள் அதை யாருக்குச் செய்கிறார்கள்? மருமகளுக்குச் செய்கிறார்கள். வேலைக்காரிக்குச் செய்கிறார்கள். சம்பளம் வாங்குகிறவருக்குச் செய்கிறார்கள். "நீதான் பொறுத்துப் போக வேண்டும்" என்று கீழே இருப்பவர் தலையிலேயே அதை ஏற்றுகிறார்கள்.

புத்தரின் கதையில் பரீட்சை எழுதுகிறவள் எஜமானி! தோற்றுப்போகிறவளும் எஜமானி!

நம் வள்ளுவரும் வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார். கோபம் பலிக்காத இடத்தில் அடக்குவதற்கு என்ன பெருமை? பலிக்கும் இடத்தில் அடக்குவதுதான் அடக்கம் என்பது அதன் கருத்து. மேலதிகாரியிடம் எல்லோரும் பொறுமைசாலிகள். பியூனிடம் எப்படி என்பதுதான் கேள்வி.

கோபம் பிறக்கும் இடம்

சரி, கோபத்தை எப்படி அடக்குவது? பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினால் அது வேறு பக்கம் வெடிக்கிறதே!

புத்தர் அடக்கச் சொல்லவில்லை. பார்க்கச் சொன்னார்.

காதில் ஒரு சொல் விழுகிறது. விழுந்த உடனே உள்ளே ஓர் உணர்ச்சி எழுகிறது. இனிப்பு, கசப்பு, இரண்டும் இல்லாதது என்று மூன்று வகை. பாலி மொழியில் இதற்கு 'வேதனா' என்று பெயர். தமிழில் வேதனை என்றால் துன்பம் மட்டும்தான். பாலியில் இன்பமும் வேதனாதான்.

கசப்பு எழுந்த மறு நொடியே மனம் அதைத் தள்ளப் பார்க்கிறது. அந்தத் தள்ளல்தான் கோபம். பிறகு வாய் திறக்கிறது. கை ஓங்குகிறது.

காதில் விழுந்த சொல்லைத் தடுக்க முடியாது. கசப்பையும் தடுக்க முடியாது. ஆனால் கசப்புக்கும் கோபத்துக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் விழித்துக்கொண்டிருப்பதே பயிற்சி. இதற்கு 'ஸதி' என்று பாலியில் பெயர். நினைவோடு இருத்தல் என்று பொருள்.

இந்தப் பயிற்சியைப் புத்தர் குரு நாட்டில் விரிவாக உபதேசித்தார். இன்றைய டில்லி வட்டாரம் அது. மனத்தில் கோபம் இருக்கும்போது, 'கோபம் இருக்கிறது' என்று தெரிந்துகொள்ள வேண்டும். கோபம் இல்லாதபோது, 'இல்லை' என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான். கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்!

வீட்டிலேயே பழகலாம்

இதற்குக் காவி உடுத்த வேண்டியதில்லை. காட்டுக்குப் போக வேண்டியதில்லை.

காலையில் பத்து நிமிஷம் போதும். ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்க வேண்டும். மனம் ஓடிவிடும். அடுப்பில் வைத்த பாலுக்கு ஓடும். நேற்றைய சண்டைக்கு ஓடும். ஓடியது தெரிந்ததும் திட்டாமல் திருப்பி அழைத்து வர வேண்டும். மறுபடி ஓடும். மறுபடி அழைக்க வேண்டும். நூறு தடவை ஓடினால் நூறு தடவை அழைப்பதே பயிற்சி.

இது நீச்சல் பழகுவது போல. ஆழமில்லாத தண்ணீரில் பழகியவருக்குத்தான் வெள்ளத்தில் கை கால் வரும்.

பிறகு பகலில் அந்த மனிதர் வருவார். வழக்கம் போல ஒரு சுடுசொல் சொல்வார். அப்போது செய்ய வேண்டியவை மூன்று.

முதலில் உடம்பைக் கவனிப்பது. காது சூடாகிறதா? தாடை இறுகுகிறதா? நெஞ்சு படபடக்கிறதா? 'கோபம் வந்திருக்கிறது' என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வது.

அடுத்து, மூன்று மூச்சு விடுவது. பதில் எங்கும் ஓடிப்போகாது.

கடைசியாக, பதில் சொல்வதற்கு முன் சொல்லைச் சோதிப்பது. நல்ல சொல்லுக்குப் புத்தர் ஐந்து அடையாளம் சொன்னார். அது உண்மையாக இருக்க வேண்டும். உரிய நேரத்தில் வர வேண்டும். மென்மையாக இருக்க வேண்டும். பயன் தர வேண்டும். அன்போடு சொல்லப்பட வேண்டும். இந்த ஐந்தும் தேறினால் பேசலாம். செல்போனில் செய்தி அனுப்புகிறவர்களும் விரலை வைக்கும் முன் இந்த ஐந்தை எண்ணிக்கொள்ளலாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கலாம். டில்லி திகார் சிறையில் நடந்தது.

பர்மாவில் மாண்டலே நகரில் பிறந்த வியாபாரி சத்திய நாராயண கோயங்கா. தீராத தலைவலியால் அவதிப்பட்டவர். 1955-ல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் விபாசனா தியானம் கற்றார். ஊ பா கின் துறவி அல்ல. பர்மா அரசாங்கத்தில் தலைமைக் கணக்கு அதிகாரி! 1969-ல் கோயங்கா இந்தியாவுக்கு வந்து அந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். 2013-ல் காலமானார்.

1994-ல் திகார் சிறைக்குள் அவர் நடத்திய பத்து நாள் முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் உட்கார்ந்தார்கள். அப்போது சிறை நிர்வாகத்தின் தலைவராக இருந்தவர் கிரண் பேடி. திருடியவர்கள், அடிதடி செய்தவர்கள், கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் பேசாமல் கண்ணை மூடித் தங்கள் மூச்சைக் கவனித்தார்கள். ஊர் எல்லாம், 'இவர்களால் தொல்லை' என்று ஒதுக்கி வைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் பார்க்க வேண்டிய கோபம் ஒன்று உள்ளே இருந்தது.

ஐந்து வகை மனிதர்கள்

கோபத்தைப் பார்த்தாகிவிட்டது. இனி அந்த மனிதரைப் பார்க்க வேண்டும்.

எல்லாத் தொல்லைக்காரரும் ஒரே மாதிரி அல்ல. புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான சாரிபுத்தர் இதை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஓர் உவமை சொன்னார்.

சிலருக்குச் செயல் கெட்டது, பேச்சு நல்லது. இவர்களைக் குப்பையில் கிடக்கும் கந்தல் துணியைப் போலப் பார்க்கச் சொன்னார். பிட்சு அந்தத் துணியைக் காலால் மிதித்து விரிப்பார். நைந்துபோனதை விட்டுவிட்டு, கெட்டியான பகுதியை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்வார். இனிக்க இனிக்கப் பேசிக் கடன் வாங்கித் திருப்பித் தராத சொந்தக்காரர் இந்த வகை. அவருடைய நல்ல வார்த்தையை ஏற்றுக்கொள்ளலாம். மறுபடி கடன் கொடுக்க வேண்டியதில்லை!

சிலருக்குப் பேச்சு கெட்டது, செயல் நல்லது. இவர்கள் பாசி மூடிய குளம். வெயிலில் வாடி வந்தவன் பாசியைப் பார்த்துத் திரும்பிப் போவானா? கையால் விலக்கிவிட்டுத் தண்ணீர் குடிப்பான். நாக்கு முழுதும் முள்ளாக இருக்கும் மாமியார், பேரனுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் கண் விழிப்பாள். அந்த இரவை நினைத்துக்கொள்வதே பாசியை விலக்குவது.

சிலருக்குப் பேச்சும் கெட்டது, செயலும் கெட்டது. ஆனால் எப்போதாவது மனம் தெளியும். இவர்கள் மாட்டுக் குளம்படியில் தேங்கிய தண்ணீர். கையால் அள்ளினால் கலங்கிவிடும். மண்டியிட்டு வாயை வைத்துத்தான் குடிக்க வேண்டும். குடிக்கு அடிமையான தகப்பன் காலையில் ஒரு மணி நேரம் தெளிவாக இருப்பான். அவனிடம் பேச வேண்டியதை அந்த நேரத்தில், கலக்காமல் பேச வேண்டும்.

சிலரிடம் எதுவுமே இல்லை. நல்ல பேச்சும் இல்லை, செயலும் இல்லை, தெளிவும் இல்லை. இவர்கள் நடுவழியில் நோயோடு விழுந்து கிடக்கும் வழிப்போக்கர்கள். முன்னே இருக்கும் ஊரும் தூரம். பின்னே விட்டு வந்த ஊரும் தூரம். மருந்து இல்லை, துணை இல்லை. பார்த்தவருக்கு என்ன தோன்றும்? ஐயோ பாவம் என்றுதான் தோன்றும்.

ஐந்தாவது வகை, எல்லாம் நல்லவர். தெளிந்த குளம். அவரிடமும் பொறாமையால் கோபம் கொள்கிறவர்கள் உண்டு! அதனால்தான் சாரிபுத்தர் அவரையும் கணக்கில் சேர்த்தார்.

இந்த ஐந்தில் யார் எந்த வகை என்று யோசிக்கிற நேரத்திலேயே கோபம் பாதி இறங்கிவிடும். ஏனென்றால், யோசிப்பதற்கு அந்த மனிதரைச் சரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவரை யாரும் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் தந்த எரிச்சலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிடாத விருந்து

மகத நாட்டின் ராஜகிருகத்தில் மூங்கில் தோப்பு ஒன்றில் புத்தர் தங்கியிருந்தார். பீகாரில் இன்று ராஜ்கிர் என்று அழைக்கப்படும் ஊர். அங்கே பாரத்வாஜ குலத்து அந்தணர் ஒருவர் வந்தார். தம் குலத்தவர் ஒருவர் புத்தரிடம் சேர்ந்து துறவியாகிவிட்டார் என்று அவருக்கு ஆத்திரம். வாய்க்கு வந்தபடி திட்டினார்.

புத்தர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "உம் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது உண்டா?"

"உண்டு."

"அவர்களுக்குச் சாப்பாடு படைப்பீரா?"

"படைப்பேன்."

"அவர்கள் சாப்பிடாவிட்டால் அந்தச் சாப்பாடு யாருக்கு?"

"எனக்குத்தான்."

"நீர் படைத்த வசவை நான் தொடவில்லை. அதுவும் உமக்கே" என்ற பொருள்படப் புத்தர் சொன்னார். பதிலுக்குத் திட்டுகிறவன், படைத்தவரோடு சேர்ந்து அந்த விருந்தைச் சாப்பிடுகிறான் என்றும் விளக்கினார். திட்ட வந்த அந்தணர் கடைசியில் அவரிடமே துறவு பூண்டார் என்று பௌத்த நூல் சொல்கிறது.

எல்லாத் தகராறும் இவ்வளவு அழகாக முடியாது. மறுநாளும் அதே ஆள் அதே வசவோடு வரலாம். அதனால் என்ன? சாப்பிடாதவனுக்கு அஜீரணம் இல்லை.

எட்டுக் காசுப் பாத்திரம்

ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோஷர் என்ற பேரறிஞர் இருந்தார். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரைநூல் ஒன்றில் அவரே குறிப்பிடுகிறார். பிறகு இலங்கையில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து, 'விசுத்திமக்கம்' என்ற பெரிய நூலை எழுதினார். பகைவர்மேல் அன்பு கொள்வது எப்படி என்று அதில் படிப்படியாகச் சொல்லியிருக்கிறார்.

எடுத்த எடுப்பில் எதிரியை நினைக்கக் கூடாது என்கிறார் அவர். முதலில் தன் நலத்தை நினைக்க வேண்டும். அடுத்து மதிப்புக்கு உரியவர், பிரியமானவர். பிறகு வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை என்ற நிலையில் உள்ளவர். கடைசியில்தான் எதிரி. படி ஏறுவது போல ஏற வேண்டும்.

அப்படியும் கோபம் தீராவிட்டால்? ஒரு பரிசு கொடுத்துப் பார் என்கிறார்! அதற்கு நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்கிறார்.

இலங்கையில் சித்தலபப்பத விகாரை என்று ஒரு மடம். அங்கே ஒரு பெரிய பிட்சு, இன்னொரு பிட்சுவை மூன்று தடவை தங்கும் இடத்தை விட்டுக் கிளப்பினார். கிளப்பப்பட்டவர் என்ன செய்தார்? எட்டுக் காசு விலையுள்ள தம் பிட்சா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே கொடுத்தார். "என் தாயார் கொடுத்தது. நேர்மையாக வந்தது. இதன் புண்ணியம் அவருக்குச் சேரட்டும்" என்று சொன்னார்.

கொடுப்பதால் கொடுத்தவர் மனமும் இளகும். வாங்கியவர் மனமும் இளகும் என்கிறார் புத்தகோஷர். மூன்று வருடமாகப் பேசாத பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்து அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பொறுமை வேறு, அடி வாங்குவது வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை மிகவும் அவசியம்.

காளியின் கதை வருகிற அதே உபதேசத்தில் புத்தர் இன்னொன்றும் சொன்னார். கொள்ளைக்காரர்கள் பிடித்து ரம்பத்தால் அறுத்தாலும் மனத்தில் வெறுப்பு வரக்கூடாது என்றார். இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் அடித்தாலும் வாங்கிக்கொண்டு இருக்க வேண்டுமா?' என்று நினைப்பவர்கள் உண்டு.

அவர் வேண்டாம் என்றது மனத்தில் வெறுப்பை. தப்பித்துப் போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. உதவி கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அநியாயத்தை மறைத்து வை என்றும் சொல்லவில்லை. காளி தெருவுக்கு வந்து நியாயம் கேட்டாள். அவள் செய்தது தவறு என்று புத்தர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடித்த வாய்க்காரரோடு பழகிப் பாடம் படிக்கலாம். கை ஓங்குகிறவரோடு தனியாக இருந்து பாடம் படிக்க வேண்டியதில்லை. முதலில் பாதுகாப்பு. தியானம் அப்புறம். குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. 181 என்ற எண்ணில் கூப்பிட்டுப் பெண்கள் உதவி கேட்கலாம். குழந்தைகளுக்கு 1098. கூப்பிடுவது பொறுமை இல்லாத காரியம் அல்ல. ஆத்திரத்தில் செய்யாமல், தெளிவோடு செய்யும் காரியம் எதுவும் பொறுமைக்கு விரோதம் அல்ல.

தமிழில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் மணிமேகலை.

சோழ இளவரசன் உதயகுமரன் கொலையுண்டான். அவனைக் கொன்றவன் காஞ்சனன் என்ற விஞ்சையன். ஆனால் மகனை இழந்த ராணியின் கோபம் மணிமேகலை மேல் திரும்பியது. சிறையில் இருந்தவளைத் தன்னிடம் வரவழைத்தாள். பித்துப் பிடிக்க மருந்து கொடுத்தாள். மானத்தைக் கெடுக்க ஓர் இளைஞனை ஏவினாள். பட்டினி போட்டுப் பூட்டி வைத்தாள். எதுவும் பலிக்கவில்லை. ராணி நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்டாள்.

மணிமேகலை பழி வாங்கவில்லை. அழுதுகொண்டு நின்றுவிடவும் இல்லை. எதற்காக அழுகிறாய், மகனுடைய உடலுக்காகவா, உயிருக்காகவா என்று ராணியையே கேட்டாள். ராணியின் கொடுமைக்குப் பின்னால் இருந்த துக்கத்தைப் பார்த்தவள் அவள். அதனால் கைதியாக இருந்தவளே ராணிக்கு ஆசிரியை ஆனாள். சீத்தலைச் சாத்தனார் இதைச் சிறைவிடு காதையில் பாடியிருக்கிறார்.

இன்றைக்கே ஆரம்பிக்கலாம்

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரும் இருக்கும் நாள். சண்டை வருவதற்கும் அதிக வாய்ப்பு உள்ள நாள்!

குழம்பில் உப்புக் கூடியிருக்கலாம். பையன் பத்து மணிக்கு எழுந்திருக்கலாம். வேலைக்கார அம்மாள் வராமல் இருந்திருக்கலாம். யாராவது ஒருவர் வழக்கமான அந்தச் சொல்லைச் சொல்லலாம்.

அப்போது வீட்டில் யாருடைய சொல் அதிகம் செல்லுபடியாகிறதோ, அவர் முதலில் மூன்று மூச்சு விடட்டும். சம்பாதிக்கிறவர், வயதில் மூத்தவர், சாவிக்கொத்து வைத்திருப்பவர், யாராக இருந்தாலும் அவருக்குத்தான் முதல் பரீட்சை. சிறியவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

ஒரு நாளில் தேற முடியாது. இன்றைக்குத் தவறினால் கவலை இல்லை. பரீட்சை வைக்கிறவர் நாளைக்கும் வருவார்.